வீட்டுக் குளிர்பதனக் கருவி: பழுதின் காரணம் அறியும் முறை

கோடைக் காலத்தில் வட இந்தியச் சமவெளிகளிலும் விதர்ப்பப் பகுதியிலும், நிழலில் வைத்த உஷ்ணமானி 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. கடற்கரை நகரங்களில் உஷ்ணநிலை அவ்வளவு ஏறாவிடினும், காற்றில் நிறைந்துள்ள ஈரம் வியர்வையை உலரவிடாமல் உடலை வருத்துகிறது. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகைகளிலும் பெரிய அலுவலகங்களிலும் மட்டுமே காணப்பட்ட குளிர்பதனக் கருவி, இன்று நடுத்தரக் குடும்பங்களின் இல்லங்களிலும் இடம்பெற்றுள்ளது. மக்கள் அதனை ‘ஏ.ஸி.’ என்றே வழங்குகின்றனர். முதியோரும், கைக்குழந்தைகளும், நோயுற்றோரும் உள்ள வீடுகளில் அது ஆடம்பரப் பொருளன்று. கடும் வெப்பத்தினின்றும் உயிரைக் காக்கும் சாதனமாகும்.

இத்தகைய கருவி நடுக்கோடையில் செயலற்றுப் போகுமாயின், வீட்டார் செய்வதறியாது திகைக்கின்றனர். பழுதுபார்க்க வருபவர், ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று கூறினால், அதனை ஏற்கவோ மறுக்கவோ அவர்களுக்கு வழியில்லை. ஆனால் குளிர்ச்சி குறைந்தமைக்குக் காரணம், சில நிமிடங்களில் கழுவிவிடக்கூடிய தூசியாகவும் இருக்கலாம். அதுபோலவே, அற்பமென்று விட்டுவிட்ட கருகல் வாடை ஒன்று தீ விபத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

இக்கட்டுரையின் நோக்கம் வாசகர்களை மெக்கானிக்குகளாக ஆக்குவதன்று. அறிகுறியைக் கண்டு காரணத்தை முறையாக ஊகிக்கவும், தம்மால் செய்யத்தக்கது எது, பயிற்சி பெற்றவரிடம் விடத்தக்கது எது, தொடவே கூடாதது எது எனப் பிரித்தறியவும் வழிகாட்டுவதே ஆகும். இதற்கு முதற்கண் கருவி வேலை செய்யும் விதத்தை அறிதல் வேண்டும்.

1. வெப்பத்தை வெளியேற்றும் சுற்று

குளிர்ச்சி என்பது தனியாக உண்டாக்கப்படும் பொருளன்று. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே இக்கருவியின் பணி. ஏற்றம், கிணற்றுநீரைத் தாழ்ந்த மட்டத்திலிருந்து உயர்ந்த மட்டத்திற்குத் தூக்குவதைப்போல, இது குறைந்த உஷ்ணநிலையிலுள்ள அறையிலிருந்து, உயர்ந்த உஷ்ணநிலையிலுள்ள வெளிக்காற்றுக்கு வெப்பத்தைத் தூக்குகிறது. இவ்வாறு தூக்குவதற்கே மின்சாரம் செலவாகிறது.

வெப்பத்தைச் சுமந்து செல்லும் பொருளைக் குளிர்பொருள் என்போம். வழக்கில் இதற்குக் ‘கேஸ்’ என்று பெயர். இக்காலக் கருவிகள் பலவற்றில் ஆர்-32 என்னும் குளிர்பொருள் பயன்படுகிறது. திறந்த வெளியின் சாதாரண அழுத்தத்தில் இது ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை உயர்த்தினால் கொதிநிலையும் உயரும். காற்று மண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 11 மடங்கு அழுத்தத்தில் 10 டிகிரியிலும், சுமார் 31 மடங்கு அழுத்தத்தில் 50 டிகிரியிலும் அது கொதிக்கும். கருவியின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு பண்பில் அடங்கியுள்ளது.

அறைக்குள் இருக்கும் சுருளில் குளிர்பொருள் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை, சுருளின்மேல் வீசும் அறைக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்கிறது. அந்த ஆவியை வெளியிலுள்ள கம்ப்ரெஸர் உறிஞ்சி, அழுத்தி, சூடாக்கி, வெளிச்சுருளுக்குச் செலுத்துகிறது. அங்கே விசிறி வீசும் காற்றுக்குத் தன் வெப்பத்தை ஈந்து, ஆவி மீண்டும் திரவமாகிறது. பிறகு நுண்குழாய் ஒன்றின் வழியாகவோ, விரிவு வால்வின் வழியாகவோ நெருக்கிச் செல்லும்போது அழுத்தம் வீழ்ந்து, உட்சுருளுக்குத் திரும்புகிறது. இச்சுற்று இடைவிடாது நிகழ்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று: குளிர்பொருள் எரிபொருளைப்போல் செலவழிவதில்லை, மூடிய குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மற்றொன்று: உட்சுருளின் மேலும் வெளிச்சுருளின் மேலும் காற்றோட்டம் தடையின்றி இருந்தாலன்றி வெப்பம் இடம் பெயராது. வீடுகளில் தோன்றும் கோளாறுகளுள் பெரும்பாலானவற்றை இவ்விரண்டு உண்மைகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

கருவியின் ஆற்றலை ‘டன்’ என்னும் அளவால் குறிப்பதன் வரலாறு சுவையானது. குளிர்பதன யந்திரங்கள் பரவுவதற்கு முன், இயற்கைப் பனிக்கட்டியே வாணிகப் பொருளாக இருந்தது. 1833 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட பனிக்கட்டி கல்கத்தாவில் வந்து இறங்கியது. அந்நாட்டு டன்னுக்கு 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம். அவ்வளவு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை ஏற்குமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றுவதே ஒரு டன் ஆற்றல். இது சுமார் 3.5 கிலோவாட்டுக்குச் சமம். எனவே 1.5 டன் கருவி சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வல்லது. கருவியின் எடைக்கும் இந்த டன்னுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

2. பழுதா, இயல்பா?

முதலில், பழுதென்று தோன்றுவன யாவும் பழுதல்ல என்பதை உணர்தல் வேண்டும். கருவியின் ஆற்றல், வெளிக்காற்று 35 டிகிரியும் உட்காற்று 27 டிகிரியுமாக உள்ள நிலையில் அளந்து குறிக்கப்படுகிறது. நாகபுரியிலோ தில்லியிலோ வெளியே 46 டிகிரி நிலவும்போது, வெப்பத்தை இன்னும் உயரத்திற்குத் தூக்க வேண்டியிருப்பதால் ஆற்றல் குறைகிறது. சுவர்கள் வழியே அறைக்குள் புகும் வெப்பமோ மிகுகிறது. அந்நாளில் அறை 20 டிகிரிக்கு இறங்கவில்லை என்பது கருவியின் குற்றமாகாது.

அறையில் கூடும் மக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். விருந்தினர் பத்துப்பேர் வந்தால் ஒரு கிலோவாட் வெப்பம் கூடுகிறது, 1.5 டன் கருவியின் ஆற்றலில் இது ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு.

இன்வெர்ட்டர் வகைக் கருவிகளில், அறை குளிர்ந்த பின்னர் கம்ப்ரெஸர் நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. காற்று முன்போல் சில்லென்று வரவில்லையே என்று அப்போது ஐயுற வேண்டா. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் வல்ல கருவிகள் வட இந்தியாவில் உண்டு. அவை தம் வெளிச்சுருளில் படிந்த உறைபனியை நீக்குதற்பொருட்டு, சில நிமிடங்கள் சூடாக்குவதை நிறுத்தி, வெளிப்பெட்டியிலிருந்து நீராவி போன்ற புகையையும் நீரையும் வெளிவிடும். இதுவும் இயல்பே.

உண்மையில் பழுது உண்டா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கதவு ஜன்னல்களை மூடி, கருவியைக் குளிரூட்டும் நிலையில் வைத்து, விசிறி வேகத்தை உயர்த்தி, 15 நிமிடம் ஓடவிடுக. பிறகு சாதாரண உஷ்ணமானி ஒன்றைக் கொண்டு, கருவி உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் அளந்து பார்க்க. இரண்டிற்கும் இடையே சுமார் 8 முதல் 12 டிகிரி வேறுபாடு இருப்பின், சுற்று நன்கு இயங்குகிறது எனக் கொள்ளலாம். ஈரம் மிக்க காற்றில் வேறுபாடு சற்றுக் குறைந்தும், வறண்ட காற்றில் மிகுந்தும் இருக்கும். மூன்று நான்கு டிகிரிதான் வேறுபாடு எனில் பழுது உண்டு. வேறுபாடு சரியாக இருந்தும் அறை குளிரவில்லை எனில், குறை கருவியில் இல்லை. கதவிடுக்கிலோ, வெயில் படும் கண்ணாடியிலோ, அறையின் அளவிலோ இருக்கிறது.

3. ஓடுகிறது, ஆயினும் குளிரவில்லை

எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்திற்குச் செல்வதே பழுதறியும் முறை. ஆகவே, பின்வரும் வரிசையில் ஆராய்க.

முதலாவது, ரிமோட்டில் குறித்துள்ள நிலை. விசிறி மட்டும் ஓடும் நிலையிலோ, ஈரம் நீக்கும் நிலையிலோ கை தவறி வைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது, உட்பெட்டியின் வடிகட்டி. மேல் மூடியைத் திறந்தால் இது எளிதில் கழன்று வரும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வடிகட்டியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க. மறுபுறம் தெரியவில்லையெனில் தூசி அடைத்துள்ளது. குழாய் நீரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்திப் பொருத்துக. புழுதிக் காற்று வீசும் ராஜஸ்தானம், தில்லி போன்ற இடங்களில் கோடைக்காலத்தில் இரு வாரங்களுக்கொரு முறை இதனைச் செய்தல் நன்று.

மூன்றாவது, வெளிச்சுருள். இதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசியும், பஞ்சும், புறா இறகுகளும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. அழுத்தம் உயர்ந்து, மின்சாரம் அதிகம் செலவாகி, இறுதியில் கம்ப்ரெஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நண்பகலில் அடிக்கடி நிற்பதும், இரவில் ஒழுங்காக ஓடுவதும் இதன் அறிகுறி. வெளிப்பெட்டி தரையிலோ, தளத்திலோ எட்டும்படி இருந்தால், மின்சாரத்தை முழுதும் துண்டித்துவிட்டு, மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். வேகமான தாரை தகடுகளை வளைத்துவிடும்.

நான்காவது, வெளிப்பெட்டியின் இருப்பிடம். அடுக்குமாடி வீடுகளின் குறுகிய காற்றுவெளிகளில் பல பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகின்றனர். கீழ்ப்பெட்டி விட்ட சூடான காற்றையே மேற்பெட்டி உள்ளிழுக்கிறது. இங்கு எத்துணைக் கேஸ் நிரப்பினும் பயனில்லை. பெட்டியை இடம் மாற்றுவதே மருந்து.

இந்நான்கும் குற்றமற்றவை எனத் தெளிந்த பின்னரே, குளிர்பொருள் கசிந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வருதல் வேண்டும்.

4. குளிர் யந்திரத்தில் பனி உறைதல்

உட்சுருளில் பனி உறைந்திருப்பதைக் கண்டு, ‘கருவி மிக நன்றாகக் குளிர்விக்கிறது’ என்று சிலர் மகிழ்வர். இது பிழை. பனி, வெப்பம் புகாத போர்வையைப்போல் சுருளை மூடிக் காற்றைத் தடுக்கிறது.

பனி உறைவதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, காற்றோட்டக் குறைவு. சுருளுக்குப் போதிய வெப்பம் கிட்டாமையால் அதன் உஷ்ணநிலை சுழிக்குக் கீழே இறங்கி, காற்றின் ஈரம் அதன்மேல் உறைகிறது. மற்றொன்று, குளிர்பொருள் குறைவு. அளவு குறைந்தால் சுருளில் அழுத்தம் வீழ்கிறது. அழுத்தம் வீழ்ந்தால் கொதிநிலையும் வீழ்கிறது. எஞ்சிய சிறிதளவு திரவம் சுருளின் தொடக்கத்திலேயே மிகக் குளிர்ந்த நிலையில் கொதித்துத் தீர்ந்துவிடுகிறது. இவ்வாறு, கேஸ் குறையும்போது சுருளின் ஒரு பகுதி அதிகமாகக் குளிர்வது முரண்போலத் தோன்றினும் விதிக்கு உட்பட்டதே.

இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியலாம். சுருள் முழுவதும் ஒருசீராகப் பனி படர்ந்திருப்பின், காற்றோட்டத்தையே ஐயுறுக. ஒரு மூலையில் மட்டும் பனியும், ஏனைய பகுதி வறண்டும் இருப்பின், கசிவை ஐயுறுக. பெரும்பாலான ஸ்பிளிட் கருவிகளில், வெளிப்பெட்டியுடன் இணையும் இரு செப்புக்குழாய்களும் இதற்குச் சான்று கூறும். நல்ல நிலையில் இரண்டும் குளிர்ந்து, நீர்த்துளி அரும்பியிருக்கும். மெல்லிய குழாயில் பனி உறைந்து, தடித்த குழாய் வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்பொருள் குறைந்துள்ளதென ஏறக்குறையத் துணியலாம். குழாய்கள் எட்டாத உயரத்தில் இருப்பின், இச்சோதனையை வீட்டார் முயலலாகாது.

பனியைக் கத்தியால் சுரண்டுதல் கூடாது, சுருள் ஓட்டையாகிவிடும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் பனி உருகும். பின்னர் வடிகட்டியைக் கழுவி மீண்டும் ஓடவிடுக. பனி திரும்பவும் உறைந்தால் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

5. அறைக்குள் நீர் சொட்டுதல்

காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுருளில் பட்டுத் திரவமாகிறது. இந்நீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் நீராவி திரவமாகும்போது ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. மும்பையில் மழைக்காலத்தில் ஓடும் 1.5 டன் கருவி, தன் 5.3 கிலோவாட் ஆற்றலில் கால் பங்கை, அதாவது சுமார் 1.3 கிலோவாட்டை ஈரம் நீக்குவதில் செலவிடுகிறது எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் இது 4,680 கிலோஜூல். இதனை 2,450ஆல் வகுத்தால் 1.9 கிலோகிராம் கிடைக்கும். எனவே, மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நீர்; எட்டு மணி நேர இரவில் ஒரு வாளி நிறையும்.

இவ்வளவு நீரும் பென்சிலைப்போல் இரு மடங்கு பருமனுள்ள குழாய் ஒன்றின் வழியே, தன் எடையாலேயே வெளியேற வேண்டும். சுருளில் கழுவப்பட்ட தூசியும், ஈரத்தில் வளரும் பாசியும் அக்குழாயை அடைத்தால் நீர் தட்டில் நிறைந்து சுவரில் வழிகிறது. குழாய் கீழ்நோக்கிச் சரிவாக இல்லாமல் இடையில் மேலெழுந்திருந்தாலும், அதன் வெளிமுனை வாளி நீரில் மூழ்கியிருந்தாலும், உட்பெட்டி ஒருபுறம் சாய்ந்திருந்தாலும் இதே விளைவு உண்டாகும். வெளிமுனையைச் சோதித்து அடைப்பை நீக்குவது வீட்டாரால் இயலும் வேலையே. உறைந்த பனி உருகுவதாலும் நீர் சொட்டும். எனவே சொட்டும் நீரைக் கண்டவுடன் சுருளையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

வெளியேறும் நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், தரை கழுவலாம். சுருளில் படிந்த தூசியும் நுண்ணுயிர்களும் கலந்திருப்பதால், அது குடிக்கத் தக்கதன்று.

6. கருவி ஓடத் தொடங்காமை

எவ்வித விளக்கும் எரியவில்லையெனில், சுவிட்ச் பலகையிலுள்ள எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பார்க்க. விழுந்திருப்பின், ஒருமுறை மட்டும் ஏற்றிப் பார்க்கலாம். உடனே மீண்டும் விழுமாயின், எங்கேயோ மின்சாரம் குறுக்குவழியில் பாய்கிறது என்பது பொருள். பலமுறை ஏற்றுவதும், அதனைப் பெரியதாக மாற்றுவதும் தீயை வலிந்து அழைப்பதாகும். நிலத்திற்குக் கசியும் மின்சாரத்தை உணர்ந்து விழும் ஆர்.சி.சி.பி. விழுந்தாலும், அதனை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டுக் கருவியை ஓட்டுதல் ஆகாது. அது காப்பது கருவியையன்று, மனிதரை.

உட்பெட்டியின் விசிறி ஓடியும் வெளிப்பெட்டி ஓடவில்லையெனில், மூன்று நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். கம்ப்ரெஸர் நின்றவுடன் அதன் இருபுறமும் அழுத்த வேறுபாடு நிலவும். அது சமமாவதற்கு முன் ஓடத் தொடங்கினால், மோட்டார் பெருஞ்சுமையை எதிர்த்துத் திணறும். ஆகையால் கருவியே இவ்விடைவெளியை விட்டுத் தொடங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது.

வெளிப்பெட்டி சில வினாடிகள் முனகி, ‘கிளிக்’ என்னும் ஒலியுடன் அடங்குமாயின், இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மின்னழுத்தக் குறைவு. 230 வோல்ட்டுக்குப் பதிலாக 170 வோல்ட்டே கிடைக்கும் பகுதிகளில், மோட்டார் சுழலத் தேவையான விசையைப் பெறுவதில்லை. மற்றொன்று, கெபாசிட்டர் தளர்வு. வீட்டிற்கு வரும் ஒற்றைக்கட்ட மின்சாரம், மோட்டாரில் துடிக்கும் காந்தப்புலத்தை மட்டுமே உண்டாக்கும். சுழலும் புலத்தை உண்டாக்காது. துணைச்சுருளின் மின்னோட்டத்தைக் காலத்தால் சற்று முன்தள்ளி, சுழற்சியை உண்டாக்கித் தருவது கெபாசிட்டரே. கோடை வெப்பத்தில் இது விரைவில் வலுவிழக்கும். இதன் விலை குறைவு. மாற்றுவதும் பயிற்சி பெற்றவருக்கு எளிது. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். இன்வெர்ட்டர் கருவிகளின் மின்பலகையிலும் சில நூறு வோல்ட் அழுத்தத்தில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். ஆதலின், வெளிப்பெட்டியின் மூடியை வீட்டார் திறத்தல் கூடாது.

திரையில் எழுத்தும் எண்ணும் மின்னினால், அவை கருவி தானே கூறும் பழுதுக் குறிகளாகும். நிறுவனத்திற்கு நிறுவனம் அவற்றின் பொருள் வேறுபடும். கையேட்டைப் பார்த்து, குறியை எழுதி வைத்துக்கொண்ட பின்னரே மின்சாரத்தை நிறுத்துக.

7. கருகல் வாடை

ஈரச் சுருளில் வளரும் பூஞ்சையால் எழும் புழுங்கிய நாற்றம், சுருளையும் தட்டையும் சுத்தம் செய்தால் நீங்கும். கருகல் வாடையோ வேறு இனத்தைச் சார்ந்தது. அது தோன்றியவுடன் கருவியை நிறுத்தி, பலகையில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

இதன் காரணம் அநேகமாகத் தளர்ந்த இணைப்பே. 1.5 டன் கருவி ஏறத்தாழ 7 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. பிளக்கின் முனையில் தளர்வினால் அரை ஓம் தடை உண்டாகியுள்ளது எனக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், 7 × 7 × 0.5 = 24.5 வாட். ஈயப்பற்று வைக்கும் சிறு மின்சூட்டுக்கோலின் ஆற்றல் ஏறக்குறைய இவ்வளவே. அதனை இரவு முழுவதும் பிளக்கினுள் செருகி வைத்தால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்கிறது. பிளக் பழுப்பேறியிருத்தல், தொட்டால் சுடுதல், சுவிட்சில் ‘சர்சர்’ என்னும் ஒலி ஆகியவை முன்னறிகுறிகள். கருவிக்கெனத் தனிக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும், நல்ல எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. நீட்டிப்புப் பலகையின் வழியே இதனை இயக்குதல் கூடவே கூடாது.

8. ‘கேஸ்’ பற்றிய உண்மை

குளிர்பொருள் செலவழிவதில்லை என முன்னரே கண்டோம். அது குறைந்திருப்பின் கசிந்திருக்கிறது என்பதே முடிவு. ஆதலால், ‘ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும்’ என்னும் கூற்று அடிப்படையற்றது. கசியும் இடத்தை அடைக்காமல் நிரப்புவது, விரிசலுற்ற குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். கடற்கரை நகரங்களில் உப்புக்காற்றால் சுருள் அரிக்கப்பட்டும், வேறிடங்களில் குழாய் இணைப்பு தளர்ந்தும் கசிவு உண்டாகலாம்.

முறையான பழுதுபார்த்தல் நான்கு படிகளைக் கொண்டது. நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவைக் கண்டறிதல்; அதனை அடைத்தல்; வெற்றிடப் பம்பினால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல்; பெட்டியின் முத்திரையில் குறித்த அளவு குளிர்பொருளைத் தராசில் நிறுத்துச் செலுத்துதல். வெற்றிடமாக்காமல் விட்டால், எஞ்சிய ஈரம் கம்ப்ரெஸர் எண்ணெயுடன் வினைபுரிந்து அமிலமாகி, மோட்டார்ச் சுருளின் காப்பை அரித்துவிடும். இந்நான்கு படிகளும் நடைபெறுகின்றனவா எனக் கேட்டறிய வீட்டாருக்கு முழு உரிமை உண்டு.

நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பயன்படுத்துவது உயிரைப் போக்கும் பிழை. அழுத்தப்பட்ட ஆக்ஸிஜன் எண்ணெயுடன் கூடினால் வெடிக்கும். ஆர்-32 மிதமாகத் தீப்பற்றும் தன்மையது; ஆர்-290 எனப்படும் புரொப்பேன், சமையல் வாயுவிலும் உள்ள பொருளே ஆதலால் எளிதில் தீப்பற்றும். எனவே கசிவு உண்டென ஐயுற்றால், ஜன்னல்களைத் திறந்து, சுடரை அணைத்து, வெளியேறுதல் வேண்டும். பழைய கருவிகளில் உள்ள ஆர்-22க்குப் பதிலாக வேறு வாயுவை நிரப்புவதும் ஆபத்தானது. ஒரே உஷ்ணநிலையில் ஆர்-32இன் அழுத்தம் ஆர்-22இனுடையதைப்போல் சுமார் 1.6 மடங்கு.

கசிந்த வாயு வானில் மறைந்து போவதன்று. ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987 ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் அதன் பயன் படிப்படியாக நீக்கப்பட்டு வருகிறது. ஆர்-32 ஓசோனைத் தீண்டாது. எனினும், நூறாண்டுக் கணக்கில், புவியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோகிராம், 675 கிலோகிராம் கரியமில வாயுவிற்கு நிகர். 800 கிராம் கசிந்தால் 540 கிலோகிராமுக்கு நிகராகும். இத்தகைய வாயுக்களையும் குறைப்பதற்காக 2016 ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டது. இந்தியா 2021 ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது.

9. மின்சாரமும் உஷ்ணநிலையும்

16 டிகிரியில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்று பலர் நம்புகின்றனர். நிலையான வேகத்தில் ஓடும் கருவி, 16இல் வைத்தாலும் 24இல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் வெப்பத்தை அகற்றும். எங்கே நிற்பது என்பது மட்டுமே மாறும். நட்சத்திரக் குறியிடப்படும் அறைக் கருவிகள் யாவும், இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைதல் வேண்டும் என்னும் விதி, 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு நடைமுறையில் உள்ளது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவிகித மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் மதிப்பீடு. மெல்ல ஓடும் மின்விசிறி ஒன்று உடனிருந்தால், 26 டிகிரியும் இதமாகவே இருக்கும்.

பொதுவாக வீடுகளில் உள்ள ஸ்பிளிட் கருவி, வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை, அறைக்காற்றையே சுற்றவிடுகிறது. மூடிய அறையில் பலர் உறங்கி எழும்போது தலைபாரம் தோன்றினால், அது கருவியின் பழுதன்று; புதுக்காற்றின் குறைவு. நாள்தோறும் சிறிது நேரம் ஜன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும்.

10. உயரத்தில் உழைப்பவர்

பழுதுபார்ப்பவரின் உயிர்க்காப்பும் வீட்டாரின் பொறுப்பில் அடங்கியதே. வெளிப்பெட்டிகள் பல, காலூன்ற ஒரு சாண் இடமும் இல்லாத உயரச் சுவர்களில் பொருத்தப்பட்டுள்ளன. துருவேறிய இரும்புத் தாங்கியின்மேல், இடுப்பில் கயிறின்றி நின்று வேலை செய்யுமாறு எவரையும் விரைவுபடுத்தலாகாது. பாதுகாப்புப் பட்டையும் கயிறும் கொண்டு வருமாறு முன்கூட்டியே கூறுக. புதிதாகக் கருவி வாங்குவோர், நின்று பழுதுபார்க்க இயலும் இடத்திலேயே வெளிப்பெட்டியைப் பொருத்துவாராக. அவ்விடத்தில் பெட்டி தூய்மையாகவும் இருக்கும். நீண்ட காலம் உழைக்கவும் செய்யும்.

பயிற்சி வினாக்கள்

அ. ஒரு கருவி இரவில் நன்கு குளிர்விக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறது. முதலில் எதைச் சோதிப்பீர்?

ஆ. உட்சுருளின் இடது மூலையில் மட்டும் பனி. வடிகட்டி தூய்மையாக உள்ளது. காரணம் யாது?

இ. உள்ளிழுக்கும் காற்று 29 டிகிரி, வெளிவிடும் காற்று 18 டிகிரி. ஆயினும் அறை குளிரவில்லை. கேஸ் நிரப்பலாமா?

ஈ. 10 ஆம்பியர் இழுக்கும் கருவியின் பிளக்கில் 0.4 ஓம் தடை உண்டாயின், அங்கு எழும் வெப்பம் எவ்வளவு?

விடைகள்: அ. வெளிச்சுருளின் தூய்மையையும், அதனைச் சுற்றியுள்ள காற்றோட்டத்தையும். ஆ. குளிர்பொருள் கசிந்திருக்கலாம், கசிவைக் கண்டறிந்து அடைத்த பின்னரே நிரப்புதல் வேண்டும். இ. கூடாது; 11 டிகிரி வேறுபாடு இருப்பதால் சுற்று நன்கு இயங்குகிறது. அறைக்குள் வெப்பம் புகும் வழிகளை ஆராய்க. ஈ. 10 × 10 × 0.4 = 40 வாட்; கருவியை உடனே நிறுத்திப் பிளக்கை மாற்றுதல் வேண்டும்.